புகாரா: அரை நாள் போதும்னு சொல்றாங்களே, உண்மையா?

3 நவம்பர் 2018, இரவு 9:12 (கேள்வி)

ஏப்ரல்ல உஸ்பெகிஸ்தான் போறோம், மொத்தம் ஏழு நாள். சமர்கந்துக்கு மூணு நாள் போட்டாச்சு. போயிட்டு வந்த ஒருத்தர் சொல்றார், சமர்கந்த்ல ரெஜிஸ்தான் சதுக்கம் பார்த்தப்புறம் புகாரா சப்புனு இருக்கும், எல்லாம் மண் கலர், நீல ஓடே கம்மி, காலைல ட்ரெய்ன்ல போய் சாயங்காலம் திரும்பிடலாம்னு. போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. எதெது பார்க்கணும்?

3 நவம்பர் 2018, இரவு 11:50

தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. நான் போன மாசம்தான் வாப்பாவையும் லாத்தாவையும் (அக்கா) கூட்டிட்டு போயிட்டு வந்தேன், ரெண்டு ராத்திரி தங்கினோம், அதுவே பத்தலை. மண் கலர்னு சொன்னாரே, அதுதான் புகாரா. அங்க செங்கல்தான் சித்திரம். நீல ஓட்டை தூரத்துல நின்னு பார்த்துட்டு வந்துடலாம், செங்கல் வேலையை கிட்டப் போய் கை வச்சு பார்க்கணும், அதுக்கு நேரம் வேணும். நாளைக்கு விவரமா எழுதறேன்.

4 நவம்பர் 2018, மாலை 6:30

ஒண்ணே ஒண்ணு பார்க்க நேரம் இருந்தா இஸ்மாயில் சாமானி மக்பராவை, அதாவது அவர் அடங்கியிருக்கிற கட்டடத்தைப் பாருங்க. பத்தாம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டினது. இஸ்மாயில் சாமானி 892-லேர்ந்து 907 வரைக்கும் ஆண்ட மன்னர், தஜிகிஸ்தான் காசுக்கு சொமோனின்னு பேரு, அது இவர் பேர்தான். பார்க்க சின்ன கட்டடம். ஒரு பக்கம் பத்து மீட்டர் சொச்சம் இருக்கும், சதுரமா ஒரு பெட்டி, மேல ஒரு கும்மட்டம், நாலு மூலையிலயும் குட்டி குட்டி கும்மட்டம், நாலு பக்கமும் ஒரே மாதிரி வாசல். ஓடு கிடையாது, வர்ணம் கிடையாது. சுட்ட செங்கல் மட்டும்தான்.

கிட்ட போனா சுவரே பாய் முடைஞ்ச மாதிரி இருக்கு. உம்மா வீட்டுல கோரைப் பாயைப் புரட்டிப் பார்த்தா தெரியுமே, ஒண்ணு மேல ஒண்ணு கீழ போற அந்த ஓட்டம், அதை அப்படியே செங்கல்ல எடுத்திருக்காங்க. கொஞ்சம் படுக்க வச்சு, கொஞ்சம் நிமிர்த்தி வச்சு, கொஞ்சம் சாய்ச்சு, சிலதை ஒரு விரல் உள்ள தள்ளி. அந்த ஒரு விரல் பள்ளத்துலதான் நிழல் விழுது, அந்த நிழல்தான் கோலத்தையே போடுது. காலைல பத்து மணிக்கு ஒரு கட்டடம், சாயங்காலம் நாலரைக்கு வேற கட்டடம். நாங்க ரெண்டு நேரமும் போனோம், சாயங்காலம் மேற்குச் சுவர்ல வெயில் சாய்ஞ்சு விழறப்போ வாப்பா உள்ளங்கையை வச்சு, "இது செங்கல் இல்லடா, பின்னல்"னு சொன்னாங்க. வாப்பா முப்பது வருஷம் வீடு கட்டுற வேலையை மேற்பார்வை பார்த்தவங்க, செங்கல்லைப் பத்தி லேசுல நல்ல வார்த்தை சொல்ல மாட்டாங்க.

அரை நாள் ட்ரிப்ல போனா உங்களுக்கு ஒரு வெயில்தான் கிடைக்கும். என் வாதமே அவ்ளோதான்.

4 நவம்பர் 2018, இரவு 10:05

ஒருத்தர் கேட்டிருக்கார், செங்கிஸ்கான் 1220-ல புகாராவை எரிச்சானே, இது எப்படி தப்பிச்சுதுன்னு. அங்க சொல்ற கதை, மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்ததால அவன் கண்ணுல படலைன்னு. இது பழைய மையவாடிக்கு (இடுகாடு) நடுவுல இருந்தது, காலப்போக்குல சுத்தி மண்ணும் கபுருகளும் (சமாதிகள்) ஏறி பாதி மூடிப்போச்சு. 1920-கள்ல ஆய்வு பண்ணி, 1930-கள்ல மண்ணை எடுத்து சரி பண்ணாங்க. இப்போ சுத்தி பூங்கா. நீங்க நடக்கிற புல்தரைக்கு அடியில ஒரு காலத்துல கபுருங்க இருந்துச்சு, அதனால நாங்க உள்ள நுழையும்போதே சலாம் சொல்லிட்டுத்தான் போனோம்.

6 நவம்பர் 2018, இரவு 9:40

அடுத்தது 'போயி கல்யான்'னு பேர் உள்ள இடம். மினாரா, பள்ளிவாசல், மதரஸா மூணும் ஒரே முற்றத்துல. கல்யான்னா நம்ம கல்யாணம் இல்ல, அங்கத்து தஜிக் பேச்சுல 'பெரிய'ன்னு அர்த்தம். பெரிய மினாரா, பெரிய பள்ளி. எங்க ஊர்லயும் பெரிய குத்பா பள்ளின்னுதான் சொல்லுவோம், அதே மாதிரிதான்.

மினாரா 1127-ல கராகானி மன்னர் அர்ஸ்லான் கான் கட்டினது, 45 மீட்டருக்கு மேல உயரம். கீழ இருந்து மேல பட்டை பட்டையா செங்கல் வேலை, ஒரு பட்டை மாதிரி இன்னொரு பட்டை இல்ல. உச்சிக்குக் கொஞ்சம் கீழ ஒரே ஒரு நீலப் பட்டை மெலிசா ஓடுது. அந்தக் காலத்துல அந்தப் பக்கம் மெருகு போட்ட ஓடு ரொம்ப புதுசு, அதனால பொட்டு வச்ச மாதிரி ஒரு இடத்துல மட்டும் வச்சிருக்காங்க. சமர்கந்த்ல கொட்டிக் கிடக்கிற நீலத்தோட முதல் சொட்டு இங்க இருக்குன்னு எனக்குத் தோணுச்சு. கட்டின கொத்தனார் பேரு பாக்கோ, அதையும் செங்கல்லயே எழுதி வச்சிருக்காங்க.

பள்ளிக்குள்ள 288 தூண். மினாராவும் பள்ளியும் ஒரே காலத்துக் கட்டடம், பக்கத்துப் பக்கத்துல நின்னு பார்க்கும்போது தெரியும்.

7 நவம்பர் 2018, காலை 7:15

மேல எழுதினதுல ரெண்டு தப்பு, லாத்தா படிச்சிட்டு போன் பண்ணி சொன்னாங்க. 288 கும்மட்டம், 208 தூண். மாத்திப் போட்டுட்டேன். இன்னொண்ணு, மினாராவும் பள்ளியும் ஒரே காலம் இல்ல. மினாரா 1127, அதோட இருந்த பழைய பள்ளி மங்கோலியர் வந்தப்போ அழிஞ்சு போச்சு, இப்போ இருக்கிற பள்ளி 1514. இடையில கிட்டத்தட்ட 400 வருஷம். மினாரா அத்தனை வருஷம் துணையில்லாம நின்னுட்டு இருந்திருக்கு, இது தெரிஞ்சப்புறம் அதைப் பார்க்கிற பார்வையே எனக்கு மாறிப்போச்சு. செங்கிஸ்கான் நிமிர்ந்து பார்த்தப்போ தொப்பி கீழ விழுந்துச்சாம், குனிஞ்சு எடுத்துட்டு, என்னையே குனிய வச்சுட்டுதே இதை இடிக்க வேணாம்னானாம். கதைதான், ஆனா அடியில நின்னு தலையை அண்ணாந்து பாருங்க, நம்பத் தோணும். ராத்திரி மேல விளக்கு ஏத்துவாங்க, பாலைவனத்துல வர்ற வணிகக் கூட்டத்துக்கு வழி தெரியன்னும் சொல்றாங்க. கடற்கரை ஊர்க்காரங்களுக்கு அது உடனே புரியும்.

குற்றவாளிங்களை மேல இருந்து தள்ளி விட்டதும் உண்மைதான். கைடுங்க அதையே பத்து நிமிஷம் சொல்லுவாங்க. நான் வாப்பாவைக் கூட்டிட்டு தள்ளிப் போயிட்டேன்.

9 நவம்பர் 2018, இரவு 10:20

எதிர்ல இருக்கிறது மீர் அரப் மதரஸா, 1535-36 வாக்குல முடிஞ்சது. யமன்ல இருந்து வந்த ஷேக் அப்துல்லாவைத்தான் மீர் அரப்னு சொல்லுவாங்க, அவர் பேர்ல. உபைதுல்லா கான் பாரசீகக் கைதிகளை வித்த காசுல கட்டினதுன்னு சொல்றாங்க, அவ்ளோ அழகான வாசல்ல நின்னுட்டு இதைக் கேக்கறப்போ மனசு கனத்துப் போச்சு, ஆனா தெரிஞ்சுக்கத்தான் வேணும். சோவியத் காலத்துல பல வருஷம் அந்த நாடு முழுக்க ஓதிக்கொடுத்த ஒரே மதரஸா இதுதான். இப்பவும் பசங்க ஓதறாங்க, அதனால நமக்கு வாசல் வரைக்கும்தான். ஜாலித் தடுப்போட ஓட்டைங்க வழியா உள்முற்றம் தெரியும், ஒரு பையன் கிதாபை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு செருப்பு சத்தம் கேட்க ஓடிப்போனான். வகுப்புக்கு லேட் போல.

11 நவம்பர் 2018, மாலை 4:45

எச்சரிக்கை ஒண்ணு, இது முக்கியம். ஜியாரத்துக்கு, அதாவது பெரியவங்க அடங்கின இடத்தை தரிசிக்கப் போறவங்க கண்டிப்பா படிங்க.

நபிமொழிகளைத் தொகுத்த இமாம் புகாரி அவங்க பிறந்தது புகாராவுல, 810-ல. ஆனா கபுரு அங்க இல்ல. சமர்கந்த்ல இருந்து கொஞ்ச தூரத்துல கர்த்தங்க்னு ஒரு ஊர்ல இருக்கு. எங்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட், புகாரா நாள்ல 'இமாம் புகாரி ஜியாரத்'னு அச்சடிச்சே கொடுத்திருந்தார். வாப்பாவுக்கு 72 வயசு, முட்டி வலி, இந்தப் பயணமே அதுக்காகத்தான். புகாரா போய் இறங்கி, தங்கின வீட்டுக்கார அம்மாகிட்ட வழி கேட்டா, அவங்க சமர்கந்த் பக்கம் கையைக் காட்டறாங்க. முந்தின நாள்தான் அந்த ஊரை விட்டு வந்தோம். வாப்பா ஒண்ணும் சொல்லலை, கட்டில்ல உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை எடுத்துக்கிட்டாங்க, அதுதான் எனக்கு தாங்கலை. கடைசி நாளை மாத்தி, திரும்ப சமர்கந்த் போய், ஜியாரத் முடிச்சுட்டுத்தான் தாஷ்கந்த் போனோம்.

இமாம் அவங்க ஏன் சொந்த ஊர்ல அடங்கலைங்கிறது பெரிய விஷயம். புகாரா கவர்னர், என் பிள்ளைங்களுக்கு தனியா வந்து ஓதிக்கொடுங்கன்னு கேட்டார், இல்மை (கல்வியை) ஒரு வீட்டுக்குள்ள மட்டும் வச்சு கொடுக்க மாட்டேன், வேணும்னா எல்லாரும் வர்ற இடத்துக்கு வரட்டும்னு இமாம் மறுத்துட்டாங்க. அதனால ஊரை விட்டே போக வேண்டி வந்துச்சு, 870-ல கர்த்தங்க்ல வஃபாத் (மரணம்). வாப்பாவுக்கு இது முன்னாடியே தெரியும், ஆனா ரெண்டு ஊருக்கும் நடுவுல ட்ரெய்ன்ல போறப்போதான் அந்த தூரம் மனசுல பட்டுச்சுன்னு சொன்னாங்க.

11 நவம்பர் 2018, இரவு 8:00

ட்ரெய்ன் பத்தி கேட்டவங்களுக்கு: அஃப்ரோசியோப்ங்கிற அதிவேக ட்ரெய்ன்ல சமர்கந்த்–புகாரா ஒன்றரை மணி நேரம். ஆனா ஸ்டேஷன் புகாராவுல இல்ல, ககான்ங்கிற ஊர்ல, பழைய ஊருக்கு டாக்ஸி பிடிக்கணும். 1888-ல ரயில் வந்தப்போ நகரத்துக்குக் கிட்ட வேணாம்னு தள்ளி வச்சிட்டாங்க. நாங்க போனப்போ விசா ஆன்லைன்லயே, 20 டாலர்.

17 நவம்பர் 2018, இரவு 11:30

இன்னிக்கு லியாபி ஹவுஸ் பத்தி எழுதறேன், இதைத்தான் முதல்லயே எழுதியிருக்கணும்.

ஹவுஸ்னா என்ன? நம்ம பள்ளியில தொழறதுக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு செய்யறோமே அந்தத் தண்ணித் தொட்டி, ஹவுளு, அதே சொல்தான். லியாபி ஹவுஸ்னா ஹவுளு கரை. லாத்தா போர்டைப் படிச்சிட்டு, "ஹவுளாங்கரைன்னு சொன்னா போதுமே"ன்னாங்க. பதினேழாம் நூற்றாண்டுல நாதிர் திவான்பேகிங்கிற வஜீர் (மந்திரி) வெட்டினது, ஏறக்குறைய 42 மீட்டருக்கு 36 மீட்டர், கல் படி இறங்கி இறங்கி தண்ணிக்குப் போகுது. சுத்தி மூணு கட்டடம்: குகல்தாஷ் மதரஸா 1568-69, அதுக்கப்புறம் ஒரு ஃகானகா (சூஃபிங்க தங்குற மடம்), நாதிர் திவான்பேகி மதரஸா 1622-23. மூணுமே தண்ணியைப் பார்த்துத்தான் நிக்குது.

இந்த இடம் ஒரு யூத விதவையோட வீடுன்னும், அவங்க விக்க மாட்டேன்னு சொன்னதால வஜீர் அவங்க வீட்டோரமா வாய்க்கால் வெட்டி சுவரை அரிக்க விட்டான்னும் ஒரு கதை இருக்கு. கடைசில அந்தம்மா யூதங்களுக்குத் தொழ ஒரு இடம் கொடுத்தா வீட்டைத் தர்றேன்னாங்களாம். புகாரா யூதங்க இன்னிக்கும் கொஞ்ச பேர் பக்கத்துத் தெருக்கள்ல இருக்காங்க.

வாப்பாவால ரொம்ப நடக்க முடியாது, அதனால ரெண்டு சாயங்காலமும் அந்தப் படியிலதான் உட்கார்ந்திருந்தோம். பக்கத்துல ஒரு பெரியவர், சதுரத் தொப்பி, பச்சைத் தேயிலை. வாப்பாவுக்கு உஸ்பெக்கும் தெரியாது ரஷ்யனும் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. சலாம் சொன்னாங்க. அப்புறம் வாப்பா தண்ணியைக் காட்டி 'ஹவுளு'ன்னாங்க. அவர் 'ஹவுஸ்'னார். வாப்பா வானத்தைக் காட்டி 'அஸர்'னாங்க, அவர் இல்லைன்னு தலையாட்டி 'ஷாம்'னு சொல்லி, கிழக்குப் பக்கம் இருட்டைக் காட்டினார். அஸர் சாயங்காலத் தொழுகை, மஃரிப் சூரியன் மறைஞ்சதும் தொழறது. மஃரிபை அங்க ஷாம்னு சொல்றாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது. அப்புறம் ரெண்டு பேரும் எழுந்து சேர்ந்தே தொழப் போனாங்க. நானும் லாத்தாவும் பின்னாடியே போனோம்.

எந்த கைடும் இதைத் தர முடியாது, அரை நாள்ல கிடைக்கவும் கிடைக்காது.

18 நவம்பர் 2018, காலை 6:50

விட்டுப்போனது. 1920-க்கு முன்னாடி புகாராவுல இந்த மாதிரி ஹவுஸ் எண்பதுக்கும் மேல இருந்துச்சு, ஊரே குடிச்சது இந்தத் தண்ணியைத்தான், தோல் பையில மொண்டு வீடு வீடா ஊத்துவாங்க. ஆனா தேங்கின தண்ணி, வியாதி. ரிஷ்தான்னு ஒரு புழு, கால்ல கொப்புளம் போட்டு நூல் மாதிரி வெளிய வரும். நம்ம ஊர்ல நரம்புச் சிலந்தின்னு சொல்லுவாங்களே அதேதான், உம்மாவோட உம்மா கால்ல அந்தத் தழும்பு இருந்துச்சுன்னு உம்மா சொல்லுவாங்க. சோவியத் மருத்துவர்ங்க பெரும்பாலான குளங்களை வத்த வச்சு 1930-கள் ஆரம்பத்துக்குள்ள அந்த நோயை ஒழிச்சுட்டாங்க.

குளம் போச்சு, தவளை போச்சு, அதைத் தின்ன வந்த செங்கால் நாரையும் போச்சு. மினாரா உச்சியிலயும் கும்மட்டத்து மேலயும் கூடு கட்டிட்டு இருந்த பறவைங்க. இப்போ கொல்லன் கடையில நாரை மூக்கு மாதிரி கத்தரிக்கோல் செஞ்சு விக்கறாங்க, லாத்தா ஒண்ணு வாங்கினாங்க, அலகுதான் வெட்டுற பக்கம். மத்திய ஆசியாவுல குஞ்சு பொரிக்கிற செங்கால் நாரைங்க குளிர்காலத்துக்கு இந்தியாதான் வரும்.

குளத்தை மூடினது தப்புன்னு முதல்ல எழுதி வச்சிருந்தேன், அழிச்சுட்டேன். அந்தப் புழு கால்ல இருந்தவங்ககிட்ட கேட்டா வேற பதில்தான் வரும்.

25 நவம்பர் 2018, இரவு 10:10

"மதரஸா வாசல்ல பறவை உருவம் இருக்கே, இது எப்படி?"ன்னு கேட்டவருக்கு. மார்க்கக் கட்டடத்துல உயிருள்ள உருவம் வரையறது வழக்கம் இல்ல, அதனால கேக்கறார். நாதிர் திவான்பேகி மதரஸா வாசல்ல ரெண்டு சீமுர்க், அதாவது பாரசீகக் கதைல வர்ற பறவை, நகத்துல மானைத் தூக்கிட்டு, நடுவுல முகம் வச்ச சூரியன். வாப்பாவும் இதைப் பார்த்து நின்னுட்டாங்க. அங்க சொல்றது, இது முதல்ல வணிகர் தங்குற சத்திரமா கட்டினது, திறப்புக்கு வந்த கான் "நல்ல மதரஸா"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டார், கான் சொல்லு பொய்யாகக் கூடாதுன்னு மதரஸாவாவே ஆக்கிட்டாங்க. கிட்டத்தட்ட அதே காலத்துலதான் சமர்கந்த்ல ஷேர்தோர் மதரஸாவுல புலி படமும் வந்துச்சு, அதனால அந்தக் காலத்து ஆட்சியாளருங்களுக்கு இது பிடிச்சிருந்ததுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இதுக்கு நேர் எதிரா பார்க்கணும்னா உலுக் பேக் மதரஸாவுக்குப் போங்க, 1417. நட்சத்திரக் கோலம்தான், உருவம் இல்ல. கல்வியைத் தேடுறது ஆண் பெண் ரெண்டு பேர் மேலயும் கடமைங்கிற வாசகம் அங்க இருக்கு. லாத்தா ஊர்ல பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஓதிக்கொடுக்கிறவங்க, அந்த வாசல்ல ரொம்ப நேரம் நின்னாங்க.

2 டிசம்பர் 2018, மாலை 5:25

கடைவீதி. பதினாறாம் நூற்றாண்டுல நாற்சந்திக்கு மேல கும்மட்டம் போட்டு கட்டின சந்தைங்க, தாக்கின்னு சொல்றாங்க. தாக்கி ஜர்கரான் நகைக்காரங்களுக்கு, தாக்கி தெல்பக் ஃபுருஷான் தொப்பி விக்கறவங்களுக்கு, தாக்கி சர்ராஃபான் காசு மாத்தறவங்களுக்கு. நம்ம சராப் கடையில இருக்கிற அதே சராப்தான். முல்தான் பக்கத்து இந்திய வியாபாரிங்க அந்தக் காலத்துல புகாராவுல வட்டிக்கடை வச்சிருந்தாங்க.

கொஞ்சம் தள்ளி மகோகி அத்தாரி. மகோக்னா குழி, அத்தார்னா அத்தர் விக்கறவர். குழிக்குள்ள இருக்கிற அத்தர்கடைப் பள்ளி! படி இறங்கித்தான் போகணும், ஏன்னா ஊரு இடிஞ்சு இடிஞ்சு அதும் மேலயே கட்டிக் கட்டி தெருமட்டம் உசந்துபோச்சு. முகப்பு பன்னெண்டாம் நூற்றாண்டு. இஸ்லாத்துக்கு முந்தி அந்த இடத்துல வேற கோயில் இருந்திருக்கு. இப்போ உள்ள கம்பளக் காட்சி.

ஆர்க் கோட்டை: வெளிச்சுவர் பிரமாதம், உள்ள பாதிக்கு மேல ஒண்ணும் இல்ல, 1920 செம்படைத் தாக்குதல்ல எரிஞ்சது. முட்டி வலிக்காரங்க ஏற வேணாம். எதிர்ல பாலா ஹவுஸ் பள்ளி, 1712, அங்க உட்காருங்க. முன்னாடி 20 மரத்தூண், குளத்துல விழற நிழலோட சேர்த்து 40, அதனால நாப்பது தூண் பள்ளின்னும் சொல்லுவாங்க. காத்து அடிச்சா இருபதுதான்னு லாத்தா சொன்னாங்க.

2 டிசம்பர் 2018, மாலை 5:40

சோர் மினோர் மறந்துட்டேன். 1807, நாலு கோபுரம், நீலத் தலை. சார்மினார்னு பேரைக் கேட்டதும் ஹைதராபாத் நினைச்சுட்டுப் போகாதீங்க, இது வீடுங்களுக்கு நடுவுல ஒரு சந்துல சின்னதா இருக்கும், ஒரு மதரஸாவோட வாசல்தான், மதரஸா போச்சு. 1995-ல ஒரு கோபுரம் விழுந்து திரும்பக் கட்டினாங்க. எதுன்னு நாங்க கண்டுபிடிக்கலை.

10 மார்ச் 2019, இரவு 9:55

கேட்டவர் திரும்ப எழுதியிருக்கார், புகாராவுக்கு ரெண்டு ராத்திரி போட்டாச்சுன்னு. ரொம்ப சந்தோஷம். எண்ணிக்கை பார்க்காதீங்க, மேல நான் எழுதினதுல பாதி பார்த்தா போதும். சாமானி மக்பரா காலைலயும் சாயங்காலமும். ஹவுளாங்கரையில மஃரிபுக்கு முன்னாடி ஒரு மணி நேரம். மீதி தானா வரும்.

இங்க ரஜப் மாசம் பிறந்துடுச்சு. காயல்பட்டினத்துல மாசம் முழுக்க புகாரி ஷரீஃப், அதாவது இமாம் புகாரி தொகுத்த நபிமொழி கிதாபை ஓதுவாங்க, சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்தது. நேத்து வாப்பா போயிட்டு வந்து சொன்னாங்க, இத்தனை வருஷம் புகாரின்னா கிதாபோட பேரா மட்டும்தான் காதுல விழுந்துச்சு, இப்போ அந்தப் பேரை ஓதினதும் படி இறங்கற தண்ணியும் அந்தப் பெரியவரோட தொப்பியும்தான் கண்ணுல நிக்குதுன்னு.

உங்ககிட்ட ஒரு உதவி. ஹவுளு கரையில பழைய மல்பெரி மரங்க இருக்கு, 1477-ல நட்டதுன்னு சொல்றாங்க, குளத்தை விட மூத்தது. நாங்க போனது அக்டோபர், அதுல ஒண்ணு மொட்டையா கட்டை மாதிரி நின்னுச்சு. செத்துப்போச்சுன்னு நான் சொன்னேன், இல்ல உசிரு இருக்குன்னு வாப்பா சொன்னாங்க. ஏப்ரல்ல போறப்போ அதுல துளிர் விட்டிருக்கான்னு பார்த்து ஒரு வரி எழுதுங்க, வாப்பா கேட்டுக்கிட்டே இருக்காங்க.